கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டோடு நின்ற மகனுக்கு

கண்ணு,

நேற்று ஆராதனை நேரத்தில் சபை கேட்டுக்கு எதிரே, பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது நீதான் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடாதே. நான் கடிதம் எழுதினால் முதலில் ஆண்டவர் பெயரால் வாழ்த்துச் சொல்லி, உடம்பு எப்படி, வெயில் எப்படி என்று ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவேன். "அம்மா லெட்டர்ல மொதப் பக்கத்த ஆருக்கு வேணாலும் அனுப்பலாம்" என்று நீ கிண்டல் செய்வாய். இன்று அந்தச் சுற்றெல்லாம் சுற்றப் பொறுமை இல்லை. விடிந்ததிலிருந்து கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அலசிப் பிழிந்து வைத்த துணியை மறுபடி சோப்பில் ஊறப்போட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். "செத்த நேரம் ஒரு பக்கமா உக்காரு அம்மணி, பாக்கற எனக்குத் தல சுத்துது" என்றார் அப்பா. உட்கார்ந்தால் உனக்கு எழுத வேண்டியிருக்கும் என்றுதான் உட்காராமல் இருந்தேன். இப்போது உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றைய ஞாயிறு ஏற்பாடு முழுக்க என் யோசனை. மிஷன் எங்கள் இருவரையும் இந்தப் பெரியநாயக்கன்பாளையத்தில் கொண்டுவந்து வைத்தபோது, இந்த ஹால் மோட்டார் பட்டறையாக இருந்து காலியான இடம். தரையில் கிரீஸ் கறை ஏறிக் கிடந்தது. நீயும் உன் வயதுப் பிள்ளைகளும்தான் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துச் சபையாக்கினீர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட இப்போது வருவதில்லை. பெஞ்சில் நரைத்த தலைகள், முன்னால் பாயில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள், இரண்டுக்கும் நடுவே வாலிபர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. பெங்களூருக்கும் துபாய்க்கும் போனவர்களைச் சொல்லவில்லை. துடியலூரிலும் சரவணம்பட்டியிலும் இருந்துகொண்டே வராதவர்களைச் சொல்கிறேன். கணபதியில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கி, அங்கேயே ஒரு பட்டறையில் மிஷின் ஓட்டிக்கொண்டு, பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்தும் வராதவனைச் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஊர்களில் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டே வயசைக் கழித்தவர்கள் நாங்கள். பெற்றதைக் கூப்பிட வழி தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அதனால்தான், போனவர்களையெல்லாம் ஒரே நாளில் கூப்பிடுவோம், கூட்டத்தோடு கூட்டமாக அவனும் வந்தால் வரட்டும் என்று கணக்குப் போட்டேன். மற்ற பிள்ளைகளைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பாவம்தான். ஆனால் அதுதான் உண்மை.

ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எல்லாரும் பதவிசாகப் பேசினார்கள், "ஆகட்டுங்க ஆன்ட்டி, பாக்கறேனுங்க" என்று. பார்க்கிறேன் என்றால் வரமாட்டேன் என்று எனக்குத் தெரியாதா? ஒரு பெண் மட்டும் பட்டென்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அவளைக் கேட்காமல் அவள் பெயரை எழுத மனசில்லை, இங்கே ரூத் என்று சொல்கிறேன். "ஏனுங்க ஆன்ட்டி, வந்தா எந்திரிச்சு நிக்கச் சொல்லுவீங்ளா?" என்றாள். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களும் ரொம்ப நாள் கழித்து வந்தவர்களும் எழுந்து நிற்க வேண்டும், எல்லாரும் கை தட்டுவார்கள், பெயர் சொல்ல வேண்டும், இத்தனை நாள் எங்கே இருந்தாய், ஆண்டவர் எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார் என்று மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. வா, உக்காரு, சாப்பிடு, போ. எந்திரிக்கச் சொன்னா எம்பேர மாத்திக் கூப்பிடு" என்றேன். அப்புறம் எல்லாருக்கும் அதையே சொன்னேன். உனக்கு மட்டும் போன் பண்ணத் தைரியம் வராமல் வாட்ஸப்பில் அனுப்பினேன். நீ வழக்கம்போல "ஓகே" என்று போட்டாய். அந்த ஓகேவைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பற்றிக்கொண்டு வரும். வருகிறேன் என்பதா, படித்துவிட்டேன் என்பதா, தொந்தரவு பண்ணாதே என்பதா, ஒன்றும் விளங்காது.

ரூத் அப்படிக் கேட்டபோது, எழுந்து நிற்பது என்றால் உங்களுக்கெல்லாம் ஏன் இத்தனை அச்சம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன கண்ணு பெரிய அவமானம், நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வதில்? நாங்கள் பிழைத்ததே சொல்லித்தான். தாராபுரத்துப் பக்கம் ஊழியத்தில் இருந்த நாள்களை நினைத்துப் பார். வீட்டு ஓடு ஒழுகினால் ஜெபக் கூட்டத்தில் சொல்வேன், அடுத்த வாரம் ஒரு விசுவாசி ஓட்டோடு வந்து நிற்பார். மொபெட் நின்றுபோனால் சொல்வேன், மெக்கானிக் ஒருவர் வந்து சரிசெய்து கொடுப்பார். உனக்குப் பள்ளிக்கூடத்துச் செருப்பு வேண்டுமென்றாலும் அப்படித்தான். சேர்த்து வைத்தது என்று எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. "ஜெபிச்சுக்குங்க" என்று வாய் திறந்தால்தான் அடுப்பு எரியும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? வயிற்றுவலியிலிருந்து வாடகைவரை எல்லாவற்றையும் நாலு பேர் முன்னால் வைத்து வைத்து, எது என்னுடையது, எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்கிற கோடே என் மனசில் அழிந்துபோனது. என் கஷ்டத்தைச் சொன்ன அதே வாயால் உன்னுடையதையும் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நீ சின்ன வயதில் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாய். ஜெபித்தோம், நின்றது. நான் சும்மா இருந்தேனா? பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன், எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு ஓர் அக்கா, பிள்ளைகள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்கும்போது, உன் கன்னத்தைப் பிடித்து, "இப்பெல்லாம் நனைக்கறதில்லையாமா, கெட்டிக்காரன்!" என்றார். அவர் பாசமாகத்தான் சொன்னார். நீ அன்றைக்கு அந்தப் பாயிலிருந்து எழுந்து போய் மொபெட் பக்கத்தில் நின்றாய், கூட்டம் முடியும்வரை உள்ளே வரவில்லை. நான் உன்னை அடம்பிடிக்கிறாய் என்று திட்டினேன். டிப்ளமோவில் நீ கணக்கில் அரியர் வைத்தாய், அதுவும் சபைக்கே தெரியும். காய்கறிக்காரம்மா வண்டியை நிறுத்தி, "தம்பி பாஸாயிருச்சுங்களா?" என்று கேட்கும் அளவுக்குத் தெரியும். இதெல்லாம் போகட்டும், இதற்காக யாரும் வீட்டை விட்டுப் போகமாட்டார்கள் என்று நீ சொல்வாய். சரிதான். மொச்சை உரித்த சாயங்காலத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அடுப்படிப் படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். நீ வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. "அம்மா, ஒண்ணு சொல்லட்டுங்ளா?" என்றாய். "கண்ண மூடுனா ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்மா. எல்லாரும் ஜெபிக்கறப்ப நானும் வாய அசைக்கறேன், நடிக்கறதாட்ட இருக்குது. அக்கட்டால ஆராச்சும் கேக்கறாங்ளானே தெரியல." சொல்லிவிட்டு உரித்த பயற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம், "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்மா, அப்பாகிட்டக்கூட" என்றாய். "சொல்ல மாட்டேன் சாமி" என்றேன். மனசார்த்தான் சொன்னேன். மறுநாள் பெண்களின் உபவாச ஜெபம். முழங்காலில் நிற்கிறேன், மிஷனெரி பெற்ற பிள்ளைக்கே இப்படியா என்று உள்ளே ஒரே தவிப்பு. வாய் தானாகத் திறந்துகொண்டது. "எம்பையன் விசுவாசத்துல தடுமாறிட்டிருக்கறானுங்க, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி அழுதுவிட்டேன். சொன்னதும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கிய பாரம் எங்கே போய் ஏறும் என்று நான் யோசிக்கவில்லை.

அன்று பொழுதோடேயே சபை மூப்பர் இரண்டு பேர் எண்ணெய்க் குப்பியோடு நேராக உன் பட்டறைக்கே போய்விட்டார்கள். டீ நேரம். நீ கூட வேலைசெய்கிறவர்களோடு நின்றுகொண்டிருந்தாயாம். உன்னை நடுவில் நிறுத்தி, தலையில் எண்ணெய் பூசி, கைவைத்து, அவிசுவாசத்தின் ஆவியே போ என்று சத்தமாக ஜெபித்தார்களாம். நீ கையில் டீ கிளாஸோடு அசையாமல் நின்றாயாம். வீட்டுக்கு வந்தபோது உன் காதோரம் எண்ணெய் இறங்கியிருந்தது. தலைக்குக் குளித்தாய், பையை எடுத்தாய். நான் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்டேனா? "எண்ணெயும் ஜெபமும் என்ன வெசமா? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று கத்தினேன். நீ அதற்குக்கூடத் திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அன்று போனவன்தான். பண்டிகைக்கு வருவாய், சாப்பிடுவாய், "நல்லாருக்கறேனுங்மா" என்பாய், போய்விடுவாய். உனக்கு என்ன சம்பளம், யார் சிநேகிதம், இப்போது கண்ணை மூடினால் ஏதாவது வருகிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. உன்னிடம் எதைக் கேட்டாலும் மைக்கில் பேசுகிறவர்கள் மாதிரி அளந்து பதில் சொல்கிறாய். என் மகன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறான், கண்ணு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். அரிசிம்பருப்புச் சாதம், கோழி வறுவல். உனக்குப் பிடித்தது என்று யாரிடமும் சொல்லாமல் அதையே வைக்கச் சொன்னேன். பெரிய குண்டாவில் நான் கிண்டக் கிண்ட, சபைப் பெண்கள் "பிரியாணி வெச்சா வாலிபப் பிள்ளைக வருமுங்க, இதுக்கு ஆருங்க வருவா?" என்று முணுமுணுத்தார்கள். வந்தார்கள் கண்ணு! ஒவ்வொருவராக, செருப்பை எங்கே விடுவது என்று மறந்துபோனவர்கள் மாதிரி தயங்கித் தயங்கி வந்து, நடு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ரூத் நைட் டியூட்டி முடித்து அப்படியே வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. நான் பெஞ்சு பெஞ்சாக உன்னைத் தேடினேன். கேட்டுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. வருவதானால் உள்ளேதானே வருவான் என்று நினைத்தேன்.

அப்பா பிரசங்கத்துக்கு எழுந்தார். கெட்ட குமாரன் கதையைத் தொடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். "வந்த பிள்ளைகள மொகத்துக்கு நேரா கெட்டவங்கன்னு சொல்றதாட்ட ஆயிரும்" என்றார். அதனால் உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, ஓடிப்போன சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்ட பகுதியை எடுத்தார். சாப்பிட்டு முடியும்வரை அவர்களிடம் ஏன் ஓடினீர்கள் என்று இயேசு கேட்கவில்லை என்றார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கவில்லை. அளந்து பேசுகிற மனிதர், அன்றைக்கு அந்த மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டு, கரியாகும் அளவுக்குப் பேசினார். சொன்னதையே சொன்னார். நடுவில் நிறுத்தி எங்கேயோ பார்த்தார், மறுபடி கடற்கரைக்குப் போனார். பின்னால் மூப்பர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சாதம் ஆறுகிறது, பிள்ளைகள் நெளிகிறார்கள், முதல் நாளே இப்படி அறுத்தால் மறுபடி யார் வருவார்கள்? கடிகாரத்தைக் காட்டினேன். இருமினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் நானே எழுந்து போய் மைக் பக்கத்தில் நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. ஜெபித்து முடித்துவிட்டு விலகிக்கொண்டார்.

கீபோர்டு பையன் பாட்டைத் தொடங்கினான். நீ டிரம்ஸ் வாசிப்பாயே, அந்தப் பாட்டு. நீ போனபிறகு தாளம் பிடிக்க ஆளில்லை. கைதட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நான் மைக்கைப் பிடித்தபடி வாசல் வழியாக வெளியே பார்த்தேன். பேக்கரி ஓரம் ஒரு வண்டி, மேலே ஹெல்மெட் போட்ட ஒருவன், இடது கால் தரையில். யாரோ என்றுதான் நினைத்தேன். அப்புறம் விரல்களைப் பார்த்தேன். பெட்ரோல் டேங்கின் மேலே விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே இத்தனை பேரும் தப்பாகத் தட்ட, வெளியே அந்த விரல் மட்டும் சரியாக விழுந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டில், பாடப் புத்தகத்தில், என் முதுகில்கூட அடித்த விரல், எனக்குத் தெரியாதா? அய்யோ கண்ணு, அந்த நிமிஷம் எனக்குள் என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "இன்னிக்குத் திரும்பி வந்திருக்கற பிள்ளைகளெல்லாம் எந்திரிச்சு நில்லுங்க கண்ணுகளா, அம்மா ஒருக்கா பாத்துக்கறேன்!" என்று வந்துவிட்டது.

சபை ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. நீயே ஏணி போட்டு ஏறி மாட்டியதுதான். என் குரல் உன் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். விரல் நின்றது. உள்ளே நாலைந்து பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள், பெரியவர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். ரூத் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே நீ வண்டியை ஸ்டார்ட் செய்தாய். மேட்டுப்பாளையம் ரோட்டில் நீ திரும்புகிறவரை நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவும் முடியவில்லை. கூப்பிட்டால் அதுவும் மைக்கில்தான் கேட்கும்.

சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பெண்கள் என்னை ஓரம் கட்டினார்கள். "ஏனுங்கம்மா, வெளிய வண்டில இருந்தது நம்ம தம்பிதானுங்ளே?" என்று. மற்ற நாளாக இருந்தால் நானே அழுது, ஆமாம் என்று சொல்லி, அந்த இடத்திலேயே முழங்காலில் நின்று எல்லாரையும் ஜெபிக்க வைத்திருப்பேன். பொழுது சாய்வதற்குள் எண்ணெய்க் குப்பி கணபதிக்கு வந்திருக்கும். "இல்லீங்க, கொரியர்காரராட்ட இருக்குது, அட்ரஸ் தேடிட்டு நின்னாருங்க" என்றேன். சபையில், ஞாயிற்றுக்கிழமை, ஒரு மிஷனெரியின் மனைவி, கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் வருத்தப்பட முடியவில்லை, என்ன செய்ய?

ரூத் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவ வந்தாள். "எம்பேர மாத்திக் கூப்பிட்டுக்க கண்ணு, வாக்குத் தவறிப்போட்டேன்" என்றேன். சிரித்தாள். "நீங்க பாசத்துலதான் கேட்டீங்கன்னு தெரியுமுங்க ஆன்ட்டி. ஆனா எந்திரிச்சா அன்னிக்கே எல்லாம் சரியாப் போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிக்கறாங்க. எனக்கு இன்னும் ஒண்ணும் சரியாகலீங்க. சும்மா வந்து உக்காரோணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். அடுத்த வாரம் வருவாயா என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். கோழி வறுவலைக் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் போனபிறகு அப்பாவும் நானும் பெஞ்சுகளை ஒதுக்கினோம். எனக்குச் சண்டை போட ஆள் வேண்டியிருந்தது. "ஏனுங்க, மனுசனுக்கு நேரங்காலம் வேண்டாமா? அந்த மீனப் போட்டு அந்தப் பாடு படுத்துனீங்க! நீங்க நேரத்துக்கு முடிச்சிருந்தா நான் எதுக்கு மைக்குக்கு வர்றேன்?" என்று பிடித்தேன். அவர் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "அவன் மொதப் பாட்டுலயே வந்துட்டான் அம்மணி. பிரசங்க மேடைல நின்னா கேட்டுதான் நேரா தெரியுது" என்றார். "நான் முடிச்சா அவன் கெளம்பிருவான்னு தெரியும். அவன் நிக்கற வரைக்கும் பேசலாம்னு பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். மொச்சை உரித்த அன்று நீ அப்பாவிடம்கூடச் சொல்லவேண்டாம் என்றாய். சொல்லியிருந்தால் இந்த மனிதரிடம் அது பத்திரமாக இருந்திருக்கும். ஆள் தெரியாமல் என்னிடம் சொல்லிவிட்டாய்.

இத்தனையும் சொன்னதால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அவ்வளவு தூரம் வந்தவன் பெற்றவளுக்கு முகத்தைக் காட்டாமல் போவாயா? பேக்கரிக்காரர் உனக்கு என்ன மாமனா மச்சானா, அவர் வாசலில் உட்கார? என் வாய் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். உன் ரோசம் அதைவிடப் பெரிது. ஓட்டல் சோறு தின்று கன்னம் ஒட்டியிருக்கும், ஹெல்மெட் போட்டிருந்ததால் பார்க்க முடியவில்லை. நாளைக்கு உனக்குக் கல்யாணம் என்று ஆனால் ஒன்று மட்டும் நினைவில் வை. உன் மனைவி உன்னிடம் தனியாகச் சொன்னதை என்னிடம் கொண்டுவராதே. நான் கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்பேன், பழக்கம் அப்படி. ஜெபம் வரவில்லை என்றாயே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கும் சில காலம் வந்ததில்லையாம், நேற்றுத்தான் சொன்னார். "அப்ப என்ன பண்ணுனீங்க?" என்றேன். "பேசாம உக்காந்திருந்தேன்" என்றார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, பதில் எனக்கே தெரியும்.

இதுவரை எழுதியதை அப்பா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத நம்ம மிஷன் பத்திரிகைக்குக் குடுத்தா, பேர் போடாமயே, எத்தனையோ ஊட்டுக்கு ஒதவுமே" என்றார். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. நம்மைப்போல எத்தனை வீடு, எத்தனை அடுப்படிப் படி. ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "அவனக் கேக்காம ஒரு வரி போகாதுங்க" என்றேன். அவர் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரூத்திடம் இப்போதுதான் போனில் கேட்டேன், பேரை மாற்றினால் சரி என்றாள். உன்னிடம் இப்போது கேட்கிறேன். உன்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னைக் கேட்பது இதுதான் எனக்கு முதல் தடவை. இதை நகல் எடுக்கவில்லை. இருப்பது ஒன்றுதான், உன் கைக்கு வருகிறது. வேண்டாம் என்றால் கிழித்துப்போடு. நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்ததாக ஒன்றாவது இருக்கட்டும், அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். நீ வந்து நின்றதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உனக்காக ஜெபிக்கும்படி யாரையும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் வாயை மூடிக்கொண்டு.

அடுத்த ஞாயிறும் கேட் திறந்துதான் இருக்கும். பேக்கரி ஓரமே நின்றாலும் சரி, ஹெல்மெட்டோடேயே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்ப்பேன், ஆனால் ஒன்றும் சொல்லமாட்டேன். மைக் பக்கம் போகமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவர் அந்த மீனை எவ்வளவு நேரம் சுட்டாலும். பத்திரிகை விஷயத்துக்குப் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், வழக்கம்போல ஒரு ஓகே போதும். இத்தனை நாள் அந்த ஓகேவைப் பார்த்து எரிச்சல்பட்டவள், இன்றைக்கு அதற்காகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு யாராவது எங்கேயாவது வாசிக்கிறார்கள் என்றால், நீ எனக்குப் பதில் அனுப்பிவிட்டாய் என்று அர்த்தம்.

அம்மா